எங்கள் கம்பளத்தின் மூன்றாவது பல்

புதன்கிழமை பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்குச் செய்தி வந்தபோது, என் அம்மா எஷ்ரத் விருந்தாளிகள் அறைக் கம்பளத்தின் மேல் குப்புறப் படுத்திருந்தாள். வயது எழுபத்தெட்டு. கையில் புருவம் திருத்தும் இடுக்கி. என் மாமனார் ஹெஷ்மத் வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்து, அந்தக் கம்பளத்தின் ஓரத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு கம்பளி முடிச்சுக் கட்டிவிட்டுப் போவார். அவற்றைத்தான் அம்மா பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஒன்று வந்துவிட்டது. இரண்டாவதை இடுக்கியில் பற்றியிருந்தாள்.

போனில் பேசியவள் என் மனைவி ஃபரங்கீஸ். அவள் அப்பா மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

நான் சொன்னதும் அம்மா பற்றியிருந்த முடிச்சை விட்டுவிட்டாள். இடுக்கியை மெதுவாகக் கீழே வைத்தாள். முகத்தைக் கம்பளத்திலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

"நெசமாத்தானா? இல்ல, தூங்கற மாதிரி நடிக்கறாரா? அந்த மனுசன் அதுல கெட்டிக்காரராச்சே."

ஹெஷ்மத் எங்கள் காஷான் நகரக் கடைத்தெருவில் கம்பளங்களுக்கு வயது சொல்பவர். கடை கிடையாது. கம்பளக் கடைகள் சூழ்ந்த முற்றத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, அவ்வளவுதான். வியாபாரிகள், வாரிசுகள், சீர்வரிசை பார்க்க வந்த சம்பந்தி வீட்டார் எல்லாரும் அவர் முன்னால் கொண்டுவந்து விரிப்பார்கள். அவர் மேல்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். "மூஞ்சி எல்லாருக்கும் அழகாத்தான் இருக்கும், முதுகக் காட்டு" என்பார். முதுகில் முடிச்சுகள் உருண்டையாகத் துருத்திக்கொண்டிருந்தால் இளசு. பல வருஷம் தரையில் தேய்ந்து தட்டையாகிப் பளபளத்தால் கிழடு. பிறகு இழைகளை விரலால் பிரித்து வேரில் என்ன நிறம், நுனியில் என்ன நிறம் என்று பார்ப்பார். கைக்குட்டையில் எச்சில் தொட்டுச் சிவப்பைத் தேய்ப்பார். கடைசியில் மூலையை மடக்கிக் காதருகே வைத்துக் கேட்பார். அடிநூல் மக்கியிருந்தால் நொறுங்கும் சத்தம் வரும்.

ஒருமுறை செய்ஃபி என்கிற வியாபாரி தொண்ணூறு வருஷப் பழையது என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ஹெஷ்மத் முகர்ந்து பார்த்தார்.

"இது போன நோன்புக்கு அப்புறம் பொறந்தது. டீத்தண்ணில குளிச்சிருக்கு. ரெண்டு மாசம் நெடுஞ்சாலைல படுத்து லாரிய மேல ஏத்திக்கிட்டிருக்கு."

"லாரினு எப்படிய்யா சொல்ற? கார் ஏறியிருக்கக்கூடாதா?"

"கார் ஏறினா இவ்வளவு டீசல் நாத்தம் வராது."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா, ஹெஷ்மத்?"

"வரும். நல்ல கம்பளம் கொண்டு வா."

தொழில் தொழிலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவருக்கு எதைக் கண்டாலும் புரட்டிப் பார்க்கும் கை. தர்பூசணியைப் புரட்டுவார். சுவரில் மாட்டிய காலண்டரைப் புரட்டுவார். எங்கள் கல்யாணத்தில் செய்ஃபி கன்னங்கரேலென்ற மீசையோடு வந்து கட்டித்தழுவியபோது, ஈரக் கைக்குட்டையால் அந்த மீசையை ஒரு இழுப்பு இழுத்தார். கைக்குட்டை கறுத்தது. "ரசாயனச் சாயம். நாலு நாளுக்கு மேல ஆகல," என்று சபையில் அறிவித்தார். எங்கள் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் குழந்தையை வாங்கியவர், முதல் வேலையாக அவளைப் பக்குவமாகக் குப்புறத் திருப்பி முதுகைப் பார்த்தார்.

"முழுக்கக் கைவேல. மெஷின் எதுவும் படல," என்றார். நர்ஸ் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு கம்பளத்துக்குத்தான் பொய் வயது கொடுத்திருந்தார். அது எங்கள் வீட்டில் கிடந்தது. பெண்ணைக் கொடுக்க வந்த அன்றுதான் அது அவருக்கே தெரிந்தது.

என் அம்மாவுக்கு அந்தக் கம்பளம்தான் குலம், கோத்திரம், சொத்து எல்லாம். என் அப்பா யதுல்லா தபால்காரர். ஆனால் அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்திலிருந்து வருவது என்று அந்தக் கம்பளத்தைக் காட்டித்தான் அம்மாவைக் கட்டினார். சந்தேகப்படுகிறவர்களுக்கு ஓரத்து நீலத்தில் வெள்ளையாக ஆண்டே நெய்திருந்தது. 1233. ஹிஜ்ரி சந்திரக் கணக்கில் அது இருநூறு வருஷத்தைத் தொடுகிற வயது. அப்பா போன பிறகு அம்மா அந்த எண்ணின் மேல் யாரையும் கால் வைக்க விடமாட்டாள்.

மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தபோது ஹெஷ்மத்துக்கு அவர் மனைவி தூபா நடுக்கோடையில் இரண்டு ஜோடிக் கம்பளி சாக்ஸ் போட்டு அழைத்து வந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தாலே அவர் உள்ளங்காலுக்கு முடிச்சுக் கணக்குத் தெரிந்துவிடும் என்று அவளுக்குப் பயம். வாசலில் அவள் கிசுகிசுத்தது எனக்கே கேட்டது.

"இன்னிக்கு நீங்க பொண்ணோட அப்பா. வயசு சொல்றவர் இல்ல. மூலையத் தூக்கினீங்கன்னா, ராத்திரி நீங்க படுக்கிற மூலையத் தூக்கி வெளிய போட்டுருவேன்."

"நான் எதையும் பாக்க மாட்டேன். கூரையப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன். போதுமா?"

சொன்னபடியே கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். வியர்வை தாடியில் இறங்கியது. அம்மா அதை அவமரியாதை என்று எடுத்துக்கொண்டாள்.

"கூரை போன வருஷம்தான் பூசினது. கீழ பாருங்க. ஊர்ல எல்லாத்துக்கும் வயசு சொல்றீங்களாமே. இதுக்கும் சொல்லுங்க."

"வேண்டாங்கம்மா."

"ஏன், எங்க வீட்டுக் கம்பளம் உங்க கண்ணுக்குக் கம்பளமாத் தெரியலயா? ஓரத்துல எழுதியே இருக்கு. வாசிங்க போதும்."

அவர் குனிந்தார். எண்ணைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிவப்பெல்லாம் போய்விட்டது. சாயம் வெளுப்பதென்றால் அப்படித்தான் இருக்கும். வாயில் வைத்துக்கொண்டு தேநீர் குடிக்க வேண்டிய சர்க்கரைக் கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெறும் தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

"எத்தன வருஷம் இருக்கும்?" அம்மா விடவில்லை. அவள் குரலின் உயரம் எனக்குத் தெரியும். குறைவாக ஒரு வருஷம் சொன்னால்கூட ஃபரங்கீஸ் எனக்கில்லை.

ஹெஷ்மத் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து சொன்னார்.

"இந்தக் கம்பளத்துக்கு வயசு சொல்ற தகுதி எனக்கு இல்லம்மா."

அம்மாவின் கண்ணில் நீர் கோத்தது. உடனே எழுந்து போய், பூட்டி வைத்திருந்த பிஸ்தாவைக் கொண்டுவந்தாள். கல்யாணம் அந்தப் பிஸ்தாவிலேயே முடிவாகிவிட்டது.

மறுநாள் ரொட்டிக் கடை வரிசையிலேயே பேச்சு. ஹெஷ்மத்தையே வாயடைக்க வைத்த கம்பளமாம். பார்த்ததும் கும்பிட்டாராம். செய்ஃபி இரண்டு கூட்டாளிகளோடு கம்பளத்தைத் தரிசிக்க வந்தார். அம்மா கதவைப் பாதி திறந்து, "சாக்ஸ் சுத்தமா இருக்கா?" என்று கேட்டுத்தான் உள்ளே விட்டாள்.

கல்யாணமான முதல் குளிர்காலத்தில்தான் எனக்கு உண்மை தெரிந்தது. வெள்ளிக்கிழமை. ஆட்டுக்கறியும் கடலையும் இடித்த சாப்பாடு முடிந்து மாமா விருந்தாளிகள் அறையில் படுத்திருந்தார். குறட்டை வந்துகொண்டிருந்தது. போர்த்திவிடலாம் என்று போர்வையோடு போனேன். குறட்டை விடுகிற மனிதர் குப்புறப் படுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, கொக்கி ஊசியால் கம்பளத்தைக் குடைந்துகொண்டிருந்தார். வாய் மட்டும் தன்பாட்டுக்குக் குறட்டை விட்டது.

"மாப்ள, கதவச் சாத்து," என்றார். மறுபடி ஒரு குறட்டை விட்டுவிட்டுச் சொன்னார்.

"இந்த எண்ணு பொய். நெசத்துல 1333. நூறு வருஷத்த ஏத்தினவன் நான்தான்."

எங்கள் பாரசீக எழுத்தில் இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரு பல்தான் வித்தியாசம். தலையில் இரண்டு பல் இருந்தால் இரண்டு. மூன்று இருந்தால் மூன்று.

"அப்ப நான் கிழிசல் தைக்கிற பட்டறைல வேல பாத்தேன். உங்கப்பா இதத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தாரு. 'பொண்ணோட அப்பன் பழைய குடும்பம்தான் வேணுங்கறான். என் குடும்பத்தக் கொஞ்சம் பழசாக்கிக் குடுப்பா'ன்னு அழுதாரு. எனக்கும் அப்பத்தான் தூபா வீட்டுல இழுத்தடிச்சிட்டிருந்தாங்க. மனசு எளகிருச்சு. மூணாவது பல்ல உருவிட்டு, அந்த எடத்துல நீல முடிச்சுப் போட்டேன். தச்ச தடமே தெரியாது. என் வாழ்க்கைல அவ்வளவு சுத்தமான வேல நான் செஞ்சதே இல்ல."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மாமா."

"உங்கம்மாகிட்டயா? நான் இன்னும் கொஞ்ச நாள் உயிரோட இருக்கணும். இங்க பாரு, வாயால சொன்னா அந்தம்மா மனசு ஒடஞ்சிரும். சொல்லாமப் போனா என் கை கூசுது. கையால போனது கையாலயே வரட்டும். வாரத்துக்கு ஒரு முடிச்சு. யாருக்கும் தெரியாம அது 1333 ஆயிரும். நான் சாகறதுக்குள்ள அந்தப் பல்லு மொளைக்கணும், அவ்வளவுதான்."

"அம்மா பாத்துட்டா?"

"பாத்தா, வயசாச்சுல்ல, பல்லு மொளச்சிருக்குன்னு சொல்லு."

அம்மா பார்க்காமல் இருப்பாளா? அடுத்த சனிக்கிழமை காலை நான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அவள் அதே இடத்தில், அதே போலக் குப்புறப் படுத்திருந்தாள். இடுக்கியால் ஒரு வெள்ளை முடிச்சைப் பிடுங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"உங்க மாமனார் வேல. கதவச் சாத்துடா."

அவளுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. அவளுக்குக் கல்யாணமான மூன்றாம் மாதமே அப்பா தூக்கத்தில் உளறிவிட்டாராம். பல்லைப் பிடுங்கியவர் யார் என்பதை மட்டும் அப்பா தூக்கத்திலும் சொல்லவில்லை.

"தெரிஞ்சுமா இத்தன வருஷம் இருநூறு வருஷம்னு சொன்னே?"

"அந்த எண்ணப் பாத்துத்தான் எங்கப்பா என்னக் குடுத்தாரு. உங்கப்பா எனக்காகப் பண்ணின ஒரே திருட்டு அது. வேற என்ன வச்சுட்டுப் போனாரு அந்த மனுசன், ஒரு சைக்கிளும் தபால் பையும்தான். இவரு பெரிய அரிச்சந்திரரு, எங்க வீட்டுக்கு வந்து என் கடலையத் தின்னுட்டு, என் புருசனோட பொய்ய நிமித்தறாரா? நிமித்தட்டும். நான் பிடுங்கறேன்."

"அவர்கிட்டயே கேட்டுரலாம்மா."

"கேட்டா சம்பந்திச் சண்டை ஆயிரும். நீ வாயத் தொறந்தே, இந்த இடுக்கி உன் மீசைக்கு வரும்."

இப்படியாக இருவரிடமும் வாக்குக் கொடுத்துவிட்டு நான் நடுவில் நின்றேன். வெள்ளிக்கிழமை அவர் கட்டுவார், சனிக்கிழமை அவள் பிடுங்குவாள். நேருக்கு நேர் ஒரு சொல் கிடையாது. மாமா, "அந்த அறைல வெளிச்சம் பத்தல மாப்ள, தூக்கமே வரமாட்டேங்குது," என்பார். நான் பெரிய பல்பு மாட்டுவேன். அம்மா, "இந்த இடுக்கி வழுக்குது," என்பாள். புதிதாக வாங்கி வருவேன். என் மகள் வளர்ந்து பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போய்விட்டாள். பல் மட்டும் முளைக்கவில்லை.

ஒரே ஒருமுறைதான் போர் வரம்பு மீறியது. பிடுங்கிப் பிடுங்கி அந்த இடத்தில் அடிநூல் வெளியே தெரிய ஆரம்பித்தது. அம்மா என் மகளின் நீலப் பேனாவை எடுத்து அதில் பூசிவிட்டாள். அடுத்த வெள்ளி, உள்ளே குறட்டை சட்டென்று நின்றது. மாமா கைக்குட்டையோடு வெளியே வந்தார். கைக்குட்டையில் நீலம்.

"சம்பந்தியம்மா, யாரோ கம்பளத்துக்கு மை போட்டிருக்காங்க."

"எலியா இருக்கும்," என்றாள் அம்மா, தேநீரை ஊற்றியபடி.

"எலி பேனா பிடிக்குமா?"

"ஏன், வெள்ள நூல் எடுத்து முடிச்சுக் கட்டற எலி இருக்கறப்ப, பேனா பிடிக்கற எலி இருக்கக்கூடாதா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா உட்கார்ந்து தேநீரைக் குடித்தார். அன்றைக்குப் பிறகு பேனா வரவில்லை. பிடுங்கிய இடத்தில் செருகி மறைக்க நாலைந்து நீல இழைகளை மட்டும் மாமாவே தொலைத்ததுபோலக் கம்பளத்தில் விட்டுவிட்டுப் போவார். எதிரிக்குத் தோட்டா கொடுக்கிற மாதிரி.

இன்னொரு வெள்ளிக்கிழமை ரோஜாப் பன்னீர் மணக்கும் இனிப்புப் பெட்டியோடு வந்தார்.

"என்ன விசேஷம்?" அம்மா கேட்டாள்.

"ஒருத்தருக்கு இந்த வருஷத்தோட நூறு வயசு."

"யாருக்கு?"

"நமக்குத் தெரிஞ்சவங்கதான். எப்பவும் தரைலயே படுத்திருப்பாங்க."

அம்மா ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். "எனக்குத் தெரிஞ்சவங்களுக்கு அதுக்கு மேல நூறு ஆச்சு," என்று சொல்லிவிட்டு இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டாள்.

இந்த வசந்தத்தில் அம்மாவுக்குக் கண்புரை அறுவை நடந்தது. புதுக் கண்ணாடி வர இரண்டு மாதம் ஆயிற்று. பக்கத்தில் இருப்பது எதுவும் தெரியாது. இடுக்கி டப்பாவிலேயே கிடந்தது. மாமாவுக்கு அந்தக் காரணம் தெரியாது. ஒவ்வொரு வெள்ளியும் போன வாரத்து முடிச்சு பிடுங்கப்படாமல் நிற்பதைப் பார்த்தார். கை நடுங்கியதால் ஒரு முடிச்சுக்கே ஒரு மணி நேரம் ஆனது. ஆனால் முகம் தெளிந்துகொண்டே வந்தது. சாப்பாட்டில் மறுசோறு கேட்டார். கடைசி வெள்ளியன்று காரில் கொண்டுபோய் விடும்போது எதையோ முனகிப் பாடினார்.

"உங்கம்மா மனசு எறங்கிட்டாங்க மாப்ள. ஒத்துக்கிட்டாங்க. இன்னும் ரெண்டு வெள்ளி. பல்லு முடிஞ்சிரும்."

கண்ணாடி புதன்கிழமை வருகிறது என்று நான் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவரிடம் எப்படிச் சொல்வது?

மூன்றாம் நாள் துக்கத்துக்கு மசூதியில் கூட்டம் நிறைந்திருந்தது. தரை முழுக்க மெஷின் கம்பளம். அது பிடிக்காமல் மாமா எப்போதும் தன் சொந்த விரிப்பைக் கக்கத்தில் எடுத்துக்கொண்டு போகிறவர். தூபா அத்தை அந்த விரிப்பை மடித்து அவர் படத்துக்கு அடியில் வைத்திருந்தாள், பின்பக்கம் மேலே தெரியும்படி. செய்ஃபி ஒரு தூணில் சாய்ந்து அழுதார். அழுத அழுகையில் மீசைச் சாயம் கரைந்து இரண்டு பக்கமும் மோவாய்க்கு இறங்கியது. கைக்குட்டை தேவைப்படவில்லை.

"அந்தாளு உங்க வீட்டுக் கம்பளத்துக்கு மட்டும்தான் தல குனிஞ்சான்," என்றார் என்னிடம்.

வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா யாரிடம் போய் அழுதார், யார் உருவினார், ஏன் கட்டினார் என்று. அவள் துக்கத்து அல்வாத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவரேவா?"

"அவரேதான்."

"அப்ப அவரு என் புருசனோட பொய்ய நிமித்தல. தன்னோடதத்தான் நிமித்தினாரு." ஒரு விள்ளல் அல்வாவை எடுத்து, சாப்பிடாமல் திரும்ப வைத்தாள். "சொல்லியிருந்தா வாராவாரம் பிடுங்கியிருக்க மாட்டேன். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் பிடுங்கியிருப்பேன்."

பிறகு விருந்தாளிகள் அறைக்குப் போனாள். புதன்கிழமை பிடுங்கிய வெள்ளை இழை தேநீர்த் தட்டில் இருந்தது. புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குப்புறப் படுத்து, அதைத் திரும்பக் கட்டப் பார்த்தாள். இடுக்கியால் பிடுங்கத்தான் முடியும், கட்ட முடியாது. மூன்று முறை நழுவியது. செய்ஃபி தன் பட்டறை ஆளை அனுப்பி முடித்துத் தருவதாகச் சொல்லியிருந்ததை நினைவூட்டினேன்.

"வேற கை படக்கூடாது," என்றாள்.

மூன்றாவது பல்லுக்குப் பதினோரு முடிச்சு வேண்டும். எட்டு நிற்கிறது. ஒன்று தேநீர்த் தட்டில் இருக்கிறது. மற்ற இரண்டுக்கு வெட்டிய இழைகள், கடைசி வெள்ளியன்று அவர் கழற்றி எங்கள் வாசலிலேயே மறந்துவிட்டுப் போன கோட்டின் உள்பையில், ஒரு சர்க்கரைக் கட்டியோடு கிடக்கின்றன.